கிட்டியும் மாவுக்கட்டும்: சித்திரவதையின் வரலாறும் அறமும்

தமிழ்நாட்டில் செய்தித்தாள் புரட்டுகிற எவருக்கும் அந்தப் படம் பழக்கமானது. பிடிபட்டவரின் கையிலோ காலிலோ புத்தம்புது மாவுக்கட்டு. கீழே ஒரு வரி விளக்கம்: போலீசைக் கண்டதும் பாலத்திலிருந்து குதித்தார், அல்லது, கழிப்பறையில் வழுக்கி விழுந்தார். எழுதியவரும் அதை நம்பவில்லை, படிப்பவரும் நம்பவில்லை. ஆனாலும் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. சமூக ஊடகத்தில் அந்தப் படத்தின் கீழே சிரிப்புகள் குவியும். ‘நல்லா கவனிச்சிருக்காங்க’ என்று ஒருவர் எழுதுவார். நூறு பேர் விரும்புவார்கள்.

உலகின் எந்த அரசும் இன்று சித்திரவதையை ஆதரித்து வெளிப்படையாகப் பேசுவதில்லை. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் தன் 5ஆம் பிரிவில் அதைத் தடை செய்தது. 1984இல் ஐ.நா. பொதுச்சபை அதற்கென்றே தனி உடன்படிக்கை கொண்டுவந்தது. போரோ நெருக்கடி நிலையோ எதுவும் சாக்காகாது என்று அந்த உடன்படிக்கை சொல்கிறது. தடை இவ்வளவு தெளிவாக இருந்தும் பழக்கம் ஏன் சாகவில்லை? அடிக்கிறவனின் கொடூர மனம் ஒரு காரணம்தான். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் அதைவிடச் சலிப்பூட்டும் ஒரு காரணம் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. ஓர் அலுவலகத்துக்கு அவசரமாக ஏதோ ஒன்று தேவைப்படுகிறது: ஒரு வாக்குமூலம், ஒரு தொகை, ஒரு பெயர். அதைப் பெற வேறு வழி தேடுவது மெனக்கெட்ட வேலை. எதிரே இருப்பதோ கேட்க நாதியில்லாத ஓர் உடல்.

சித்திரவதை என்ற சொல் பழைய வழக்கில் கொலைத் தண்டனையைக் குறித்தது. கொல்வதையே ஒரு வேலைப்பாடாக்கி, உறுப்பு உறுப்பாக வதைத்துக் கொல்வது. கழுவேற்றமும் யானைக் காலில் இடறுவதும் அந்த வகை. இன்று நாம் அந்தச் சொல்லால் குறிப்பது பெரும்பாலும் வேறொன்றை: அதிகாரத்தில் இருப்பவர், தன் பிடியில் இருப்பவரிடமிருந்து எதையாவது பெறுவதற்காக வேண்டுமென்றே கடும் வலி தருவது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் பொருளைப் பற்றியது.

சென்னை, 1855

நமக்கு மிக அருகில் இருக்கும் ஆவணத்திலிருந்து தொடங்கலாம். 1854 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையில் ஒரு விவாதம் நடந்தது. சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்க விவசாயிகளை வதைக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. இது திடீரென்று எழுந்ததல்ல. 1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று தொடங்கிய சென்னைவாசிகள் சங்கம் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இது ஏற்கெனவே இருந்தது. மக்களவை உறுப்பினர் டேன்பி சீமோர் சென்னைக்கு வந்தபோது, செட்டி அவரை ஊர் ஊராக அழைத்துப்போய் மக்களிடமே கேட்கவைத்தார்.

விளைவாக எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற மூவரைக் கொண்டு ஓர் ஆணையம் அமைந்தது. அதன் முன் வந்து குவிந்த புகார்கள் 1,959. 1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் வதை என்பது மாகாணம் முழுவதும் அன்றாட வழக்கம் என்று அது ஒப்புக்கொண்டது.

அந்த அறிக்கையின் ஆங்கிலப் பக்கங்களுக்கு நடுவே நம் சொற்கள் வந்து நிற்கின்றன. கிட்டி: ஒரு முனையில் கட்டிய இரண்டு கோல்களுக்கு இடையே விரல்களை வைத்து எலுமிச்சை பிழிவதுபோல் நெரிப்பது. அண்ணாந்தாள்: கழுத்தையும் கால் விரலையும் துணியாலோ கயிற்றாலோ பிணைத்து ஆளை வளைத்து நிறுத்துவது, போதாதென்றால் முதுகில் கல்லேற்றுவது. கண்ணில் மிளகாய்ப்பொடி. தொப்புளில் பூச்சியை வைத்து மேலே சிரட்டையைக் கவிழ்த்துக் கட்டுவது. வெயிலில் நிறுத்துவது, சாப்பிடவோ வெளிக்குப் போகவோ விடாமல் வைப்பது. இத்தனையும் பல சமயம் அற்பத் தொகைகளுக்காக.

இது ஏன் நடந்தது என்பதற்கான விடையும் அறிக்கையிலேயே இருக்கிறது. நிலவரி தாங்க முடியாத அளவில் இருந்தது. 1816ஆம் ஆண்டு விதிகளின்படி தாசில்தாரே வரி வசூலிப்பவர், அவரே போலீஸ் அதிகாரம் உள்ளவர். யாருடைய சேவகன் விரலை நெரித்தானோ அவரிடமே போய்ப் புகார் சொல்லவேண்டும். நீதிமன்றமோ எட்டாத தூரத்தில் இருந்தது. போய்வரும் செலவு கேட்ட வரியைவிட அதிகம்.

ஆணையம் ஓர் இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டது. குற்றம் முழுவதும் சுதேசிச் சிப்பந்திகள் மேல். ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்பதோடு, மக்கள் அவர்களையே காவலாக நம்புகிறார்கள் என்றும் எழுதியது. தொகையை நிர்ணயித்தவர், நாள் குறித்தவர், வசூல் குறைந்தால் தாசில்தாரை வேலையிலிருந்து நீக்கக்கூடியவர் யார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. 1857இல், இந்தியச் சிப்பாய்களின் கொடுமைகளைப் பற்றி லண்டன் பத்திரிகைகள் கொதித்துக்கொண்டிருந்தபோது, கார்ல் மார்க்ஸ் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் இந்த அறிக்கையை எடுத்து வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டார். கை ஒருவருடையது, தேவை இன்னொருவருடையது. சித்திரவதையில் பெரும்பாலும் இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதில்லை.

உரைகல்

பண்டைய ஏதென்ஸ் நகரத்து நீதிமன்றத்தில் அடிமையின் சாட்சியம் சும்மா சொன்னால் செல்லாது. வதைத்துப் பெற்றால்தான் செல்லும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பாசனோஸ்’. தட்டான் பொன்னை உரசிப் பார்க்கும் உரைகல் என்பது அச்சொல்லின் முதற்பொருள். உடலை உரசினால் உண்மையின் மாற்று தெரியும் என்பது அந்த உவமைக்குள் இருக்கும் நம்பிக்கை. சுதந்திரக் குடிமகனுக்கு இந்த உரைகல் கிடையாது. அவன் சத்தியம் செய்தால் போதும். அந்த நம்பிக்கையும் அரைகுறைதான். எஞ்சியிருக்கும் வழக்குரைகளில் ‘என் அடிமையை வதைத்துக் கேட்டுப் பாருங்கள்’ என்று ஒரு தரப்பு அறைகூவுவதும் மறுதரப்பு மறுப்பதும் வருகின்றன. அதைச் செய்து முடித்ததாக அநேகமாக வருவதில்லை. வதையில் உண்மையும் வரும், பொய்யும் வரும் என்று அரிஸ்டாட்டில் அப்போதே எழுதிவிட்டார்.

ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியனும் இதையே சொன்னார். சிலர் எதையும் தாங்கிக்கொண்டு வாயே திறக்கமாட்டார்கள், சிலர் வலிக்குப் பயந்து எதையும் சொல்வார்கள். ஆகவே இது அபாயகரமான சாட்சியம். சொல்லிவிட்டு, அதை எப்படி நடத்துவது என்ற விதிகளையும் எழுதினார்கள். தொடக்கத்தில் அடிமைகளுக்கு மட்டும் இருந்த வதை, பேரரசு வளர வளரத் தேசத்துரோக வழக்குகளின் வழியாகச் சாதாரணக் குடிமக்களிடமும் வந்துசேர்ந்தது.

நம் பக்கத்தில் அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் அதிகரணத்தில் விசாரணை வதைக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. எத்தனை வகை, எந்த நாள், யாரை விலக்கவேண்டும் என்றெல்லாம் வகுக்கிறது. குழந்தை, முதியவர், நோயாளி, கர்ப்பிணி ஆகியோருக்கு விலக்கு, பிராமணனுக்கும் விலக்கு. அதே அத்தியாயத்தில் எச்சரிக்கையும் இருக்கிறது: திருடாதவனும் வலிக்குப் பயந்து ‘நானே திருடன்’ என்பான், மாண்டவ்யரைப்போல. இந்த மாண்டவ்யர் நமக்குத் தெரிந்தவர்தான். மகாபாரதத்தில் அவர் மௌனவிரதத்தில் இருந்ததால் வாய் திறக்கவில்லை. ஆசிரமத்தில் ஒளிந்த திருடர்களோடு சேர்த்து அவரையும் கழுவேற்றினார்கள். இதிகாசத்தில் அவர் பேசாததால் தண்டிக்கப்படுகிறார், அரசு நடத்தும் நூலிலோ வலி தாங்காமல் பேசியதால். விசாரணையின் நடைமுறை தெரிந்தவர்கள் கதையை மாற்றிக்கொண்டார்கள்.

வலிக்கு உட்பட்டவர் பொய் சொல்லக்கூடும் என்பது ஆக இரண்டாயிரம் ஆண்டுப் பழைய அறிவு. ஏதென்ஸும் ரோமும் பாடலிபுத்திரமும் இதை அறிந்தே இருந்தன. அறிந்தவர்களே கையேடும் எழுதினார்கள்.

இரண்டு சாட்சி, அல்லது ஒரு வாக்குமூலம்

இடைக்கால ஐரோப்பாவின் கதை இந்த முரணை இன்னும் தெளிவாகக் காட்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை அங்கே சந்தேக வழக்குகளைத் தெய்வத்திடம் விட்டார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிப்பது, நீரில் இறக்குவது. சுசீந்திரம் கோயிலில் நம்பூதிரிகள் கொதிக்கும் நெய்யில் கைவிட்டுக் குற்றமின்மையை நிரூபித்த ‘கைமுக்கு’ சுவாதித் திருநாள் காலத்தில் ஒழியும்வரை இதே வகைதான். 1215இல் நான்காம் லாத்தரான் திருச்சபைப் பேரவை, இத்தகைய சோதனைகளில் குருமார்கள் பங்கேற்கக் கூடாது என்றது. தெய்வம் விலகிக்கொண்டது; தீர்ப்பு மனிதர்கள் தலையில் விழுந்தது.

தவறு செய்யும் பயத்தில் சட்ட அறிஞர்கள் சாட்சியத்துக்கு மிகக் கண்டிப்பான இலக்கணம் வகுத்தார்கள். மரண தண்டனைக்குரிய குற்றமென்றால் கண்ணால் கண்ட சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். இல்லையேல் குற்றவாளியே ஒப்புக்கொள்ள வேண்டும். சூழ்நிலைச் சான்று எத்தனை இருந்தாலும் போதாது. அப்பாவியைக் காக்கப் பிறந்த விதி இது. ஆனால் இரண்டு பேர் பார்க்க யார் கொலை செய்வார்கள்? ‘அரைச் சான்று’ இருந்தால் வதைத்து ஒப்புதல் பெறலாம் என்ற துணைவிதி பின்னாலேயே வந்தது. வதைக்கூடத்தில் சொன்னதை மறுநாள் வெளியே வந்து மனமுவந்து மீண்டும் சொல்லவேண்டும் என்ற பாதுகாப்பும் இருந்தது. மறுத்தால்? மறுபடி வதைக்கலாம். 1252இல் போப் நான்காம் இன்னசென்ட் மதமறுப்பாளர்கள் விஷயத்திலும் அதற்கு வழிவிட்டார்.

1631இல் ஃபிரெடரிக் ஷ்பே என்ற ஜெர்மானிய ஏசுசபைக் குரு பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டார். சூனியக்காரிகள் என்று தண்டிக்கப்பட்ட பெண்களுக்குக் கடைசி நேர ஆறுதல் சொன்னவர் அவர். அந்த வதைக்கூடத்தில் நிறுத்தினால் யாரும் சூனியக்காரராகத்தான் வெளியே வருவார்கள் என்பது அவர் வாதம். ஒவ்வொரு வாக்குமூலமும் அடுத்த பெயர்களைத் தந்தது. குற்றமே இல்லாத இடத்தில் குற்றவாளிகள் பெருகிக்கொண்டே போனார்கள்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே ஜூரிகள் எந்தச் சான்றையும் எடைபோட்டு முடிவு சொல்லலாம், ஒப்புதல் கட்டாயமில்லை. அதனால் சாதாரண வழக்குகளில் வதை வேர்பிடிக்கவில்லை. 1540 முதல் 1640 வரையிலான நூறாண்டில் 81 வதை ஆணைகளே ஆவணங்களில் கிடைக்கின்றன. அவற்றில் பல அரசுக்கெதிரான சதி வழக்குகள். இங்கிலாந்துக்காரரின் மனம் ஜெர்மானியரின் மனத்தைவிட மென்மையானது என்று இதற்குப் பொருளில்லை. வாக்குமூலத்தின் தேவை குறைந்த இடத்தில் வதையும் குறைந்திருந்தது, அவ்வளவே.

யார் ஒழித்தது?

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடுகள் வரிசையாக நீதிமன்ற வதையை ஒழித்தன. பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரெடரிக் 1740இல் அரியணை ஏறிய கையோடு தொடங்கி 1754இல் முடித்தார். ஆஸ்திரியா 1776இல் ஒழித்தது. பிரான்ஸ் 1780இலும் 1788இலும் இரண்டு தவணையாக ஒழித்தது. 1764இல் செசாரே பெக்காரியா எழுதிய சிறு நூல் இந்தக் காலத்தின் சின்னம். உடல்வலு உள்ள குற்றவாளி தப்புவான், பலவீனமான அப்பாவி மாட்டுவான். அப்படியானால் இது குற்றத்தை அளக்கவில்லை, தசைநாரை அளக்கிறது என்றார் அவர். தூலூஸ் நகரத்தில் 1762இல் வதைத்துக் கொல்லப்பட்ட ஜான் காலாஸ் என்ற வணிகருக்காக வால்டேர் எழுதினார். மூன்றாண்டில் காலாஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது.

அறிவொளிக் காலத்து எழுத்தும் இரக்கமுமே வதையை ஒழித்தன என்பது வழக்கமான விளக்கம். நாவல் படிக்கத் தொடங்கிய சமூகம் பிறர் உடலின் வலியைத் தன் வலியாக உணரக் கற்றது என்று வரலாற்றாசிரியர் லின் ஹன்ட் இதை இன்னும் நுட்பமாக்கினார். சட்ட வரலாற்றாசிரியர் ஜான் லாங்பைன் 1977இல் இதற்கு எதிர்த்திசையில் வாதிட்டார். கப்பலில் துடுப்பு வலிப்பது, வேலைக்கூடங்களில் அடைப்பது என்று மரணத்துக்குக் குறைந்த தண்டனைகள் பெருகின. அவற்றுக்கு முழுச் சான்று தேவைப்படவில்லை. நீதிபதி சூழ்நிலைச் சான்றை வைத்தே தண்டிக்க முடிந்தபோது ஒப்புதலின் விலை விழுந்தது. பெக்காரியா எழுதும்போது வதை ஏற்கெனவே வேலையிழந்துகொண்டிருந்தது என்கிறார் அவர்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வாதம் இரண்டாயிரம் ஆண்டாக இருந்தது. அது மட்டும் வென்றதில்லை. தேவை குறைந்தபோது வாதத்துக்குக் காது கிடைத்தது.

தழும்பில்லாத வலி

தேவை திரும்பினால் வதையும் திரும்பும் என்பதை இருபதாம் நூற்றாண்டு காட்டியது. 1957இல் அல்ஜியர்ஸ் நகரத்தில் பிரெஞ்சு ராணுவத்தினர் விடுதலை இயக்கத்தாரைப் பிடித்து, களத்தொலைபேசிக்கான கைச்சுற்று டைனமோவால் மின்சாரம் பாய்ச்சினார்கள். அதற்கு உட்பட்ட பத்திரிகையாளர் ஆன்ரி அலேக் 1958இல் எழுதிய சிறு நூல் பிரான்ஸை உலுக்கியது. அரசு அதைப் பறிமுதல் செய்தது. அன்று கைதாகிக் காணாமல்போன கணித ஆசிரியர் மோரீஸ் ஓதேனின் மரணத்துக்கு அரசே பொறுப்பு என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஒப்புக்கொள்ள 2018 ஆயிற்று.

வதையை ஆராய்ந்த டேரியஸ் ரெஜாலி ஒரு கசப்பான உண்மையைச் சொல்கிறார். பத்திரிகையும் நீதிமன்றமும் கண்காணிக்கும் ஜனநாயகங்களில்தான் தழும்பு விழாத முறைகள் செழித்தன. பார்ப்பார்கள் என்ற பயம் வதையை நிறுத்தவில்லை. அடையாளத்தை மட்டும் அழித்தது. 1971இல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷார் கையாண்ட ‘ஐந்து முறைகள்’ அப்படிப்பட்டவை: சுவரைப் பிடித்து மணிக்கணக்கில் நிற்பது, தலையில் பை, இடைவிடாத இரைச்சல், தூக்கமறுப்பு, உணவும் நீரும் குறைப்பு. 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது மனிதத்தன்மையற்றது, ஆனால் சித்திரவதை ஆகாது என்றது. இன்றைய அளவுகோலில் அது சித்திரவதைதான் என்று பிரிட்டனின் உச்சநீதிமன்றம் சொல்ல 2021 ஆயிற்று. இடையில், 2002இல், அமெரிக்க நீதித்துறையின் குறிப்பு ஒன்று, உறுப்பு செயலிழக்கும் அளவு வலி இருந்தால்தான் சித்திரவதை என்று கோட்டையே தள்ளி வரைந்தது.

அண்ணாந்தாளை நினைத்துக்கொள்ளலாம். வெயிலில் வளைந்து நிற்கவைப்பதில் தழும்பு ஏது? கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவகனுக்கும் இந்த நுட்பம் தெரிந்திருந்தது.

வெடிகுண்டும் கடிகாரமும்

வதையை ஆதரிப்பவர்களின் கடைசிக் கோட்டை ஒரு கற்பனைக் கதை. நகரத்தில் குண்டு வைத்தவன் கையில் சிக்கிவிட்டான். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பேர் சாவார்கள். இடம் அவனுக்கு மட்டும் தெரியும். அடிப்பீர்களா, மாட்டீர்களா? 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஆலன் டெர்ஷோவிட்ஸ், எப்படியும் நடக்கப்போவதை நீதிபதியின் ஆணையோடு நடத்தினாலாவது பொறுப்பு இருக்கும் என்றார்.

இந்தக் கதையை எளிதாக ஒதுக்கக் கூடாது. உண்மையிலேயே அந்த நிலையில் நிற்பவரின் தவிப்பு பொய்யல்ல. ஆனால் கதை எவற்றையெல்லாம் நமக்கு இலவசமாகத் தருகிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். பிடிபட்டவன்தான் குற்றவாளி என்பது உறுதி. அவனுக்கு இடம் தெரியும் என்பது உறுதி. வலித்தால் உண்மை சொல்வான், ஒரு மணி நேரம் பொய் சொல்லிக் கடத்தமாட்டான் என்பதும் உறுதி. நிஜத்தில் இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பதில்லை.

நிஜத்தில் கிடைத்த இரண்டு நிகழ்வுகளைப் பார்க்கலாம். 2001இன் இறுதியில் பிடிபட்ட அல்-காய்தா சந்தேகநபர் இப்னு அல்-ஷேக் அல்-லிபி எகிப்துக்கு அனுப்பப்பட்டு அங்கே வதைக்கப்பட்டார். ஈராக் அல்-காய்தாவுக்கு ரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சி தந்தது என்று சொன்னார். 2003 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் போருக்கு நியாயம் கற்பித்தபோது அந்த வாக்குமூலமும் அதில் இருந்தது. அடுத்த மாதம் போர் தொடங்கியது. 2004இல் அல்-லிபி தான் சொன்னது பொய் என்றார். கேட்டவர்களுக்கு எது தேவையோ அதைத்தான் அவர் சொல்லியிருந்தார். 2014இல் வெளியான அமெரிக்க செனட் குழுவின் அறிக்கை, சி.ஐ.ஏ. பிடித்துவைத்த 119 பேரில் குறைந்தது 26 பேரைப் பிடித்ததே தவறு என்றது. ஒருவரை 183 முறை நீரில் மூச்சுத்திணற வைத்தும் பயனுள்ள தகவலுக்கு அது வழியாகவில்லை என்றும் முடிவு சொன்னது.

இன்னொன்று 2002இல் ஃபிராங்க்ஃபர்ட்டில். பதினொரு வயதுச் சிறுவனைக் கடத்தியவன் பிடிபட்டான். சிறுவன் இருக்கும் இடத்தைச் சொல்லவில்லை. தாங்க முடியாத வலி தருவோம் என்று மிரட்டும்படி துணைத் தலைமைப் போலீஸ் அதிகாரி உத்தரவிட்டார். மிரட்டியதும் அவன் சொன்னான். போய்ப் பார்த்தபோது சிறுவன் முன்பே கொல்லப்பட்டிருந்தான். அந்த அதிகாரி தன் உத்தரவைத் தானே பதிவுசெய்தார். நீதிமன்றம் அவர் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, தண்டனையில் மட்டும் இரக்கம் காட்டியது. கற்பனைக் கதைக்கு நிஜத்தில் கிடைத்த மிக நேர்மையான பதில் இதுவாக இருக்கலாம். ஒருவர் மனிதாபிமானத்தால் விதியை மீறினால் அவர் வந்து நீதிமன்றத்தில் நிற்கட்டும். அவருக்காக விதியைத் திருத்த வேண்டியதில்லை.

விதியைத் திருத்திப் பார்த்த நாடும் உண்டு. இஸ்ரேலில் 1987இல் லாண்டவ் ஆணையம் ‘மிதமான உடல் அழுத்தத்தை’ அனுமதித்தது. மிதம் மிதமாக நிற்கவில்லை. 1999இல் உச்சநீதிமன்றமே அந்த முறைகளுக்குத் தடை போட்டது. விதிவிலக்கு என்று ஒரு கதவைத் திறந்தால் அதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும், அறை வேண்டும், உடனிருக்க மருத்துவர் வேண்டும். அறை கட்டியபின் அது காலியாக இருப்பதில்லை.

பயனுக்கு அப்பால்

‘பயனில்லை’ என்ற வாதத்தோடு நின்றுவிட்டால், பயன்படும் ஒரு நாளில் நம்மிடம் பதில் இருக்காது. ஆகவே அறத்தின் கேள்வி தனியாக நிற்கிறது.

தத்துவப் பேராசிரியர் ஹென்றி ஷூ 1978இல் கேட்டார்: போரில் கொல்வதை ஏற்கிறவர்கள் வதையை மட்டும் ஏன் கூடாது என்கிறார்கள்? கொல்வது வதையைவிடச் சிறிய தீங்கா? அவர் சுட்டிய வேறுபாடு, போர்க்களத்தில் எதிரியும் ஆயுதம் ஏந்தியிருக்கிறான் என்பது. வதைக்கூடத்தில் ஒருவனின் சண்டை முடிந்துவிட்டது. அவனை முற்றாக நிராயுதபாணியாக்கிய பிறகே வதை தொடங்குகிறது. கட்டிப்போட்டவனை அடிப்பது வீரமில்லை என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தான். 1943இல் பெல்ஜியத்தின் பிரெண்டோங்க் கோட்டையில் நாஜிகளிடம் சிக்கிய எழுத்தாளர் ஜான் அமெரி, முதல் அடியிலேயே உலகத்தின் மீதான நம்பிக்கை உடைந்தது, பிறகு அது ஒட்டவே இல்லை என்று எழுதினார். வலி ஒருநாள் ஆறும். கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்ற எண்ணம் போனது போனதுதான்.

வதையின் குறி உடல் மட்டுமல்ல என்பதற்கு இதுவே சான்று. ஒருவனின் சொந்த உடலையே அவனுக்கெதிரான ஆயுதமாக்கி, அவன் வாயாலேயே அவனைக் காட்டிக்கொடுக்கவைப்பது அது. யாருக்கு இதைச் செய்யலாம் என்ற பட்டியல் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது: ஏதென்ஸில் அடிமை, ரோமில் எளியவர், சென்னை மாகாணத்தில் குடியானவர். நகைத் திருட்டுக்காக நம் காவல் நிலையங்களில் முதலில் அழைக்கப்படுபவர் யார் என்பதை ‘ஜெய் பீம்’ (2021) படம் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலும் அதிலிருந்து எழுந்த ‘விசாரணை’ (2015) படமும் ஊர்விட்டு ஊர் பிழைக்கப்போன கூலிகளைக் காட்டின. ஆனால் பட்டியல் அடிமட்டத்தோடு நிற்பதுமில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976 பிப்ரவரியில், சென்னை மத்திய சிறையில் மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் அடைபட்ட அரசியல்வாதிகள்மேல் தடி விழுந்தது; அதை விசாரிக்கப் பின்னர் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அமைக்க வேண்டியிருந்தது.

சட்டம் விட்ட ஜன்னல்

1855 அறிக்கைக்குப் பின் சட்டங்கள் வேகமாக வந்தன. 1859இல் சென்னை மாகாணத்தில் போலீஸ் வருவாய்த்துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 330ஆம் பிரிவில், ஒப்புதலுக்காகவோ பொருளை மீட்கவோ காயம் விளைவிப்பதைத் தனிக் குற்றமாக்கியது. 1872இன் சாட்சியச் சட்டம், போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்றது. அதை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபனுக்கு இந்தியாவில் வேலை பார்த்த ஒருவர் காரணத்தைச் சொல்லியிருந்தார்: வெயிலில் அலைந்து சாட்சி தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து ஏழையின் கண்ணில் மிளகாயைத் தேய்ப்பது சுலபம். சோம்பலைப் பற்றிய இந்த ஒரு பேச்சில் பாதி வரலாறு அடங்கிவிடுகிறது.

ஆனால் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தது. போலீசிடம் சொன்னதன் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். அரிவாள் எடுத்த கிணறு, நகை புதைத்த இடம், பறிமுதல் மகஜர் எல்லாம் இதன்வழி வருபவை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இந்த ஜன்னலை அடைக்கவில்லை. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இன்னும் மேலே போய், காவல் கண்காணிப்பாளரிடம் தந்த ஒப்புதலையே சான்றாக்கியது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் 26 பேருக்கும் தூக்கு விதிக்க அந்த ஒப்புதல்கள் பெரிதும் உதவின; மறு ஆண்டே உச்சநீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. அதே வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனின் வாக்குமூலத்தில், தான் வாங்கித்தந்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதை விட்டுவிட்டேன் என்று அதைப் பதிவுசெய்த அதிகாரியே 2013இல் வெளியில் சொன்னார்.

இலங்கையின் பயங்கரவாதத் தடைச்சட்டமும் (1979) உதவிப் போலீஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் தரப்பட்ட வாக்குமூலத்தை ஏற்கிறது. அது பலவந்தமாகப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பாரம் சந்தேகநபரின் தலையில். 1993இல் கைதான ஒரு தமிழ்த் தொழிலாளி, தனக்குத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சிட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைத்தார். அதை முதன்மைச் சான்றாகக் கொண்டு அவருக்கு 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் 35 ஆண்டு. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இது நீதிக்குப் புறம்பு என்றது. சித்திரவதைக்கு எதிரான தனிச்சட்டம் 1994 முதலே இலங்கையில் இருக்கிறது. இந்தியாவில் அதுகூட இல்லை. ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையொப்பமிட்ட இந்தியா இன்றுவரை அதை உறுதிசெய்யவில்லை. 2010இல் மக்களவையில் நிறைவேறிய மசோதா மாநிலங்களவையைத் தாண்டவில்லை. 2017இல் சட்ட ஆணையம் தந்த வரைவு கிடப்பில் இருக்கிறது.

கைதின்போது பின்பற்ற வேண்டியவற்றை டி.கே. பாசு வழக்கில் 1996இலேயே உச்சநீதிமன்றம் வகுத்துவிட்டது. 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீசாரிடம் சிக்கிய தந்தையும் மகனும் இறந்தபின் விசாரிக்கப்போன நீதித்துறை நடுவர், காவல் நிலையத்தின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் அன்றன்றைக்கே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். கருவி இருந்தது, அது எதையும் நினைவில் வைக்கக் கூடாது என்று ஏற்பாடும் இருந்தது. 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி ஒருவர் இறந்ததும் ஒரு நகைத் திருட்டுப் புகாரின் விசாரணையில்தான்.

அகராதிக்குப் போன கிட்டி

2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு தன் பொருளை விளக்கச் சில உதாரணங்கள் தந்தது. ஒப்புதலுக்காக வதைக்கும் போலீஸ்காரர் ஒன்று. திருட்டுப் பொருள் இருக்கும் இடத்தைக் கேட்டு வதைக்கும் போலீஸ்காரர் இன்னொன்று. வரி பாக்கிக்காக வதைக்கும் வருவாய் அதிகாரி மற்றொன்று. 1860இல் இவை சம அளவில் உயிருள்ள உதாரணங்கள்.

இன்று மூன்றாவது உதாரணத்தைப் படித்தால் விசித்திரமாக இருக்கிறது. நிலவரி பாக்கிக்காகத் தாசில்தார் அலுவலகத்தில் விரலை நெரிப்பதை யாராலும் கற்பனைகூடச் செய்ய முடியாது. தாசில்தார்கள் மட்டும் நல்லவர்களாகிவிட்டார்களா? வரிச்சுமை குறைந்தது, போலீஸ் அதிகாரம் அவர்கள் கையைவிட்டுப் போனது. 1864இன் வருவாய் வசூல் சட்டம் பாக்கிக்குச் சொத்தை ஜப்தி செய்து ஏலம்விடும் வழியைக் கொடுத்தது. உடலை நெரிக்கவேண்டிய தேவை அற்றுப்போனதும் கிட்டி அகராதிக்குள் போய்விட்டது. இந்த மண்ணில், அதே மனிதர்களிடையே, சித்திரவதையின் ஒரு வகை முற்றாக ஒழிந்திருக்கிறது என்பதற்கு இது சான்று.

முதல் இரண்டு உதாரணங்கள் ஒழியவில்லை, ஏனென்றால் அவற்றின் தேவை அப்படியே இருக்கிறது. ஆள் பற்றாத நிலையம், ஆண்டுக்கணக்கில் நீளும் வழக்கு, ‘சீக்கிரம் பிடி’ என்று மேலிருந்து வரும் நெருக்கடி, பிடித்தவுடன் பொருள் மீட்டதாகக் காட்டவேண்டிய கட்டாயம். இவற்றோடு நம் பங்கும் இருக்கிறது. குற்றவாளி யார் என்று நீதிமன்றம் சொல்லுமுன் நமக்குத் தெரிந்துவிடுகிறது. தண்டனையை உடனே பார்க்க ஆசைப்படுகிறோம். 1855இல் தொகையை நிர்ணயித்தவருக்குக் கலெக்டர் என்று பெயர். இன்று மாவுக்கட்டுப் படத்துக்குக் கீழே சிரிப்பை வைப்பவரும் ஒரு தொகையை நிர்ணயிக்கிறார். வசூலிக்கிற கை மட்டும் வேறு.

செய்தித்தாள்கள் இன்னும் ‘கிடுக்கிப்பிடி விசாரணை’ என்று எழுதுகின்றன. கிடுக்கி என்பது பற்றி நெரிக்கும் கருவி என்பதை எழுதுபவரும் படிப்பவரும் மறந்திருக்கலாம். நிலையத்துக்குள் இருப்பவர் மறந்திருக்கமாட்டார். கிட்டி போன இடத்துக்கு அந்தச் சொல்லும் போகும்வரை அதன் பொருளை நாமும் மறக்காமலிருப்பது நல்லது.